பழைய கேம் கட்சீன்கள்: மெழுகு முகம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஒரு பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கும், 90களின் கடைசியில் வந்த சில பிசி கேம் டிஸ்க்குகளும் உங்களிடம் இருக்கின்றன. எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடித்துக் கணினியில் கேமை ஓட்டும் மென்பொருள்) இன்டர்னல் ரெசல்யூஷனை 4 மடங்கு வைத்து, கட்சீன் (கதை சொல்லும் இடைக்காட்சி) ஓடும்போது திரையை ரெக்கார்ட் செய்து, அதை ஏஐ அப்ஸ்கேலரில் (படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறீர்கள். முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி வருகின்றன, போகப் போக சத்தமும் உதட்டசைவும் ஒட்டவில்லை. ஆகவே எந்த அப்ஸ்கேலர் நல்லது என்று கேட்கிறீர்கள். ஆனால் சத்தம் விலகுவதற்கு அப்ஸ்கேலர் காரணமே இல்லை; மெழுகு முகத்துக்கும் பாதிப் பழிதான் அதன் மேல். மீதி, ரெக்கார்ட் பட்டனை அழுத்திய இடத்திலேயே நடந்துவிட்டது. அதனால் அப்ஸ்கேலரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வீடியோவை வெளியே எடுக்கும் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், உங்கள் கட்சீன் எந்த வகை என்று பாருங்கள். கேம் எஞ்சினே அந்த நேரத்தில் வரைந்து காட்டும் காட்சி ஒன்று. ஏற்கனவே ரெண்டர் செய்து வீடியோ கோப்பாக டிஸ்க்கில் வைத்த காட்சி இன்னொன்று. கண்டுபிடிக்க எளிய வழி, காட்சி ஓடும்போதே இன்டர்னல் ரெசல்யூஷனை மாற்றிப் பார்ப்பது. உருவங்களின் ஓரங்கள் கூர்மையானால் அது எஞ்சின் காட்சி; அங்கே எடுப்பதற்குக் கோப்பே கிடையாது, எமுலேட்டரில் உயர்ந்த ரெசல்யூஷனில் ஓடவிட்டு லாஸ்லெஸ்ஸாக, அதாவது தரம் குறையாமல், பதிவு செய்வதுதான் முறை. எதுவும் மாறவில்லை என்றால் அது வீடியோ. இன்டர்னல் ரெசல்யூஷன், எஞ்சின் வரையும் பாலிகன்களுக்கு (உருவங்களைக் கட்டும் தட்டையான துண்டுகளுக்கு) மட்டும்தான். 320×240 வீடியோ 4 மடங்கு செட்டிங்கிலும் 320×240தான். திரைக்கு ஏற்ப அதை இழுத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்த இழுத்த படத்தை நீங்கள் ரெக்கார்ட் செய்யும்போது, நொடிக்கு 15 பிரேம் உள்ள வீடியோ 60 பிரேமாகப் பதிகிறது. ஒவ்வொரு பிரேமும் நான்கு முறை வருகிறது; ரெக்கார்டர் அதை மறுபடியும் அமுக்குவதால் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கின்றன. கணினி ஒரு கணம் திணறினால் நான்கு மூன்றாகிறது. நீங்கள் சொல்லும் சத்த விலகல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கில் வீடியோ எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். வழக்கமாக எஸ்டிஆர் என்ற கோப்பில், வீடியோ செக்டர்களும் ஆடியோ செக்டர்களும் (செக்டர் என்பது டிஸ்க்கில் ஒரு சிறு துண்டு) மாறி மாறி வரும். வீடியோ, கன்சோலின் சிபியு சில்லுக்குள்ளேயே இருக்கும் எம்டெக் என்ற பகுதி பிரிக்கும் வகை. ஜேபெக் படங்களை வரிசையாக அடுக்கியது போல, ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கும். ஆடியோ எக்ஸ்ஏ ஏடிபிசிஎம் என்ற அமுக்கிய வகை, பெரும்பாலும் 37,800 ஹெர்ட்ஸ். டிரைவ் இரட்டை வேகத்தில் நொடிக்கு 150 செக்டர் படிக்கும். 15 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 10 செக்டர். ஸ்டீரியோ ஆடியோ அதில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு வீடியோ செக்டரில் படத்துக்குக் கிடைப்பது 2016 பைட். கணக்குப் போட்டால் ஒரு முழு பிரேமுக்குச் சுமார் 17 கேபி. சுவரும் முகமும் அசைவற்று இருக்கும் காட்சிக்கு அது போதும். மழை, வெடிப்பு, கூட்டம் என்றால் போதாது. என்கோடர் குவான்டைசேஷனை (நுணுக்கங்களைத் தோராயமாக்கும் அளவை) ஏற்றிவிடும், கட்டம் கட்டமாகத் தெரியும். வெடிப்புக் காட்சிதான் எப்போதும் மோசமாக வருகிறது என்றால் காரணம் இந்தப் பதினேழு கேபிதான்.

எடுக்கும்போது செய்யும் முதல் தவறு ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. ஐஎஸ்ஓ ஒரு செக்டருக்கு 2048 பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். வீடியோ செக்டர்கள் அதில் பிழைத்துவிடும். ஆடியோ செக்டரில் இருப்பதோ 2324 பைட், அதன் வால் வெட்டுப்படும். செக்டர் தலைப்பும் போய்விடுவதால், எது ஆடியோ எது வீடியோ என்ற அடையாளமும் அழிந்துவிடும். டிஸ்க்கை முழு 2352 பைட் செக்டராக, பின்–க்யூ (.bin/.cue) வடிவில் எடுங்கள். இம்க்பர்ன் போன்ற எந்த மென்பொருளும் இதைச் செய்யும். எடுத்த பிரதியின் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ரீடம்ப் என்ற டிஸ்க் பட்டியல் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் டிஸ்க் கீறலால் வந்த பிழை இல்லை என்று நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

பிறகு ஜேபிஎஸ்எக்ஸ்டெக். ஜாவாவில் ஓடும் இலவச மென்பொருள்; இந்த ஒரு வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. அந்த .bin கோப்பைத் திறந்து இன்டெக்ஸ் செய்யச் சொன்னால் வீடியோ, ஆடியோ எல்லாவற்றையும் பட்டியலிடும். அளவையும் பிரேம் வேகத்தையும் செக்டர் கணக்கிலிருந்தே சொல்லும். சேமிக்கும் வடிவத்தில் கவனம் வேண்டும். ஏவிஐ எம்ஜேபிஜி என்று ஒன்று இருக்கும்; கோப்பு சின்னதாக வருகிறதே என்று அதை எடுக்காதீர்கள், மறுபடியும் ஒருமுறை அமுக்கிவிடும். பிஎன்ஜி படவரிசை, அல்லது அமுக்காத ஏவிஐ. டிகோட் தரத்தில் உயர்ந்தது. நிறத் தளத்தைப் பெரிதாக்கும் முறையில் பைக்யூபிக் (பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து மென்மையாகப் பெரிதாக்குவது). கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 320×240 படத்தில் நிறம் 160×120 அளவில்தான் இருக்கிறது. அதை நியரஸ்ட் முறையில் (பக்கத்துப் புள்ளியை அப்படியே நகலெடுத்து) பெரிதாக்கினால் சிவப்பு உடையின் ஓரம் படிக்கட்டாக நிற்கும், அப்ஸ்கேலர் அந்தப் படிக்கட்டையும் பக்தியோடு கூர்மையாக்கும். பல கேம்கள் கன்சோலில் வீடியோவை 15 பிட் நிறத்தில்தான் காட்டின. இப்படி நேரடியாக எடுத்தால் 24 பிட் கிடைக்கும், அதாவது அன்றைக்கு டிவியில் பார்த்ததைவிட ஒரு படி சுத்தம்.

பிரேம் வேகத்தை நீங்களாக மாற்றாதீர்கள். 15க்கும், என்டிஎஸ்சி கணக்கில் வரும் 14.985க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் 5 நிமிடக் காட்சியில் அது 0.3 நொடியாகும், உதட்டசைவில் கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் சொன்ன எண்ணை அப்படியே குறித்து வைத்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள்.

பிசி டிஸ்க்குகளில் நிலைமை வேறு. கோப்புகள் சில நேரம் வெளிப்படையாக இருக்கும், சில நேரம் ஒரு பெரிய பொதிக்குள் புதைந்திருக்கும். கோப்பின் பின்னொட்டை நம்பாதீர்கள். ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். எஸ்எம்கே2 (SMK2) அல்லது எஸ்எம்கே4 (SMK4) என்றால் ஸ்மேக்கர் என்ற கேம் வீடியோ வகை. பிஐகே (BIK) என்றால் பிங்க் (Bink). கேபி2 (KB2) என்றால் பிங்க் 2. அதற்கு எஃப்எஃப்எம்பெக் (பல வகை வீடியோவைத் திறந்து மாற்றும் இலவச மென்பொருள்) உதவாது, ராட் வீடியோ டூல்ஸ்தான் வேண்டும். ஆர்ஐஎஃப்எஃப் (RIFF) என்றால் ஏவிஐ, உள்ளே சினிபாக், இன்டியோ, டக் ட்ரூமோஷன் போன்ற பழைய வீடியோ வகை ஏதாவது இருக்கலாம். ‘இன்டர்ப்ளே எம்விஇ ஃபைல்’ என்று முழுப் பெயரையே தலையில் எழுதிவைத்திருக்கும் கோப்புகளும் உண்டு. பிங்க் 2 தவிர இவற்றையெல்லாம் எஃப்எஃப்எம்பெக் நேரடியாகத் திறக்கும். பொதிக்குள் புதைந்தவற்றுக்கு டிராகன் அன்பேக்கரில் உள்ள ஹைப்பர்ரிப்பர், இந்தத் தலை எழுத்துகளைத் தேடியே வெட்டி எடுக்கும். எதிலிருந்து எடுத்தாலும் வெளியே போவது எஃப்எஃப்வி1 வீடியோ, ஃபிளாக் (FLAC) ஆடியோ, எம்கேவி பெட்டி. இரண்டுமே லாஸ்லெஸ். இதுதான் உங்கள் மூலப்பிரதி. இனி எல்லாப் பரிசோதனையும் இதன் நகலில்.

மற்ற கன்சோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரீம்காஸ்டின் எஸ்எஃப்டி உள்ளே எம்பெக்-1. பிளேஸ்டேஷன் 2இன் பிஎஸ்எஸ் உள்ளே எம்பெக்-2, அதன் ஆடியோவை மட்டும் பெரும்பாலும் தனியாகப் பிரிக்க வேண்டும். கேம்க்யூபின் டிஹெச்பி, ஜேபெக் பிரேம்களின் வரிசை. சாட்டர்னில் நிறைய சினிபாக்.

மேம்படுத்தும் முன் ஒரு சோதனை: அதே கேம் வேறு மேடையில் (வேறு கன்சோலிலோ பிசியிலோ) வந்திருக்கிறதா? ஒரே ரெண்டரை ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனியாக அமுக்கியிருப்பார்கள். ஒன்றில் 320×240, இன்னொன்றில் 640×480 இருக்கலாம். ஒரே அளவாக இருந்தும் ஒன்று கட்டங்கள் குறைவாக இருக்கலாம். பிசி பிரதிதான் சிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 256 நிறத்துக்குச் சுருக்கிய ஸ்மேக்கர் கோப்பைவிட அதே காட்சியின் பிளேஸ்டேஷன் பிரதி நிறத்தில் பல மடங்கு நன்றாக இருக்கும். ஒரே பிரேமை இரண்டிலும் எடுத்து, 4 மடங்கு நியரஸ்டில் பெரிதாக்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல மூலம் தரும் லாபத்தை எந்த ஏஐயும் தராது.

இப்போது சுத்தம் செய்வது. வரிசை முக்கியம்: இன்டர்லேஸ் (ஒரு விட்டு ஒரு வரியாகப் படத்தைப் பிரித்துப் பதிவது) இருந்தால் அது முதலில், பிறகு கட்டங்களை நீக்குவது, பிறகு டிதர் (நிறப் புள்ளித் தூவல்), பிறகு நிறப்படிகளை மழுப்புவது, அதற்குப் பின்தான் அப்ஸ்கேல். இன்டர்லேஸ் பற்றிய சந்தேகம் பிளேஸ்டேஷன் 2 வீடியோக்களில்தான் அதிகம் வரும். கோப்பு இன்டர்லேஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாலும் படம் முழுப் பிரேமாகவே இருக்கலாம். வேகமாக நகரும் பிரேமில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் மட்டும் க்யூடிஜிஎம்சி என்ற டிஇன்டர்லேஸ் ஃபில்டர் போடுங்கள். ஐந்து பிரேமில் இரண்டில் மட்டும் சீப்புத் தெரிந்தால் அது 24 பிரேம் படத்தை 30 ஆக்கியது. டிஇன்டர்லேஸ் செய்யாமல், டிஐவிடிசி மாதிரியான கருவியால் அந்த 24ஐத் திரும்ப எடுங்கள்.

கட்ட நீக்கத்தில்தான் உங்கள் மெழுகு முகத்தின் பாதி இருக்கிறது. எம்டெக், எம்பெக் வகைகளில் படம் 8×8 கட்டங்களாக வெட்டப்பட்டிருக்கும். டிப்ளாக் (கட்டம் நீக்கும்) ஃபில்டர், படத்தின் இடது மேல் மூலையிலிருந்து எட்டு எட்டாக எண்ணித்தான் கட்டத்தின் ஓரத்தைக் கண்டுபிடிக்கிறது. முன்னாலேயே நீங்கள் கறுப்புப் பட்டையை 5 வரி வெட்டினாலோ, அளவை மாற்றினாலோ எண்ணிக்கை தவறிவிடும். அது கட்டத்தின் ஓரத்தை விட்டுவிட்டுக் கன்னத்தை மழுக்கும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் 8இன் மடங்காக வெட்டுங்கள். எமுலேட்டரில் ரெக்கார்ட் செய்த படத்தில் கட்டங்கள் 8 அளவிலேயே இல்லை. 4 மடங்கு இழுத்தபின் 32 ஆகி, ஓரமும் மங்கி, அதன் மேல் ரெக்கார்டரின் சொந்தக் கட்டங்களும் ஏறியிருக்கின்றன. எந்த ஃபில்டருக்கும் அது பிடிபடாது. அப்ஸ்கேலரோ அந்த மங்கிய ஓரத்தைத் தோலின் மடிப்பு என்று எடுத்துக்கொண்டு வரைகிறது. சினிபாக்கும் ஸ்மேக்கரும் 4×4 கட்டம். எஃப்எஃப்எம்பெக்கின் டிப்ளாக் ஃபில்டரில் கட்ட அளவு இயல்பாக 8, அதை 4 ஆக்க மறக்காதீர்கள்.

ஸ்மேக்கரில் இன்னொரு தொல்லை டிதர். 256 நிறத்துக்குள் வானத்தையும் தோலையும் அடக்க, புள்ளி புள்ளியாகத் தூவியிருப்பார்கள். பழைய மானிட்டரில் அது கலந்து தெரிந்தது. இன்றைய அப்ஸ்கேலர் அதைத் துணியின் நெசவாகவோ தோலின் துளையாகவோ புரிந்துகொள்ளும். அளவை மாற்றாமல் டிதரை மட்டும் நீக்கப் பயிற்சி கொடுத்த 1× மாடல்கள் இருக்கின்றன, செயினர் என்ற மென்பொருளில் போட்டு ஓட்டலாம். மாடல் இல்லையென்றால் மிக லேசான மங்கல்கூட, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட நல்லது. இந்த வேலைகளையெல்லாம் 16 பிட்டில் செய்யுங்கள்; 8 பிட்டில் நான்கு ஃபில்டரைத் தாண்டினால் வானம் படிப்படியாக உடையும்.

நிறத்தில் இரண்டு பொறிகள். எம்டெக் வீடியோ 0 முதல் 255 வரை முழு வீச்சில் இருக்கும். அதை 16–235 என்று நினைத்துப் படிக்கும் மென்பொருள் இருட்டையும் வெளிச்சத்தையும் வெட்டி எறியும். குகைக் காட்சியில் சுவரே இருக்காது. எதிர்ப்பக்கமாகத் தவறினால் கறுப்பு சாம்பலாகும். இரண்டாவது, இந்த வீடியோக்கள் பிடி.601 என்ற பழைய டிவி நிறக் கணக்கில் இருக்கின்றன. 1080க்குப் பெரிதாக்கியதும் பல பிளேயர்கள் பிடி.709 (எச்டி நிறக் கணக்கு) என்று தாமாக முடிவு செய்யும். தோல் நிறமும் பச்சையும் லேசாகப் புரண்டுவிடும். பெரிதாக்கும்போதே 709க்கு மாற்றி, கோப்பிலும் அதைக் குறித்துவிடுங்கள்.

படத்தின் வடிவ விகிதத்தில் உறுதியானதும் உண்டு, ஊகமும் உண்டு. 320×200 டாஸ் கால வீடியோ 4:3 திரையை நிரப்பியது, ஆகவே 320×240 ஆக உயர்த்த வேண்டும், இதில் சந்தேகமில்லை. பிளேஸ்டேஷனில் 320×224 வந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 240க்குள் அமர்ந்தது என்று எடுப்பதே பொதுவாகச் சரி, இழுக்கக் கூடாது. பிளேஸ்டேஷன் 2இன் 640×448தான் சிக்கல்: 480 ஆக இழுப்பதா, பட்டை வைப்பதா என்பது கேமுக்குக் கேம் மாறும். காட்சியில் வட்டமான ஏதாவது ஒன்றை, நிலவோ கடிகாரமோ நேராகத் தெரியும் சக்கரமோ, தேடுங்கள். அது எந்த அளவில் வட்டமாகிறதோ அதுவே சரியான அளவு.

இனி அப்ஸ்கேலர். 320×240 என்பது 76,800 புள்ளி. 1440×1080 என்பது 15,55,200. இருபது மடங்கு. இருபதில் பத்தொன்பது புள்ளிகளை யாரோ ஊகித்து வரைய வேண்டும். நடுத்தர தூரத்தில் நிற்கும் ஆளின் முகம் மூலத்தில் 30 புள்ளி அகலம், கண் நான்கைந்து புள்ளி. அந்த நான்கு புள்ளியில் இமை இல்லை, பார்வையின் திசைகூட இல்லை. ரியல்-இஎஸ்ஆர்கேன் போன்ற மாடல் அங்கே வரைவது தான் கற்ற வேறு ஏதோ முகத்தின் கண். மெழுகு முகத்தின் மறுபாதி இது, இதற்கு மருந்து கிடையாது, குறைத்துக்கொள்ளலாம். 4 மடங்கு கேட்காமல் 2 மடங்கோடு நிறுத்தி, மீதியை லான்சோஸ் என்ற ஏஐ இல்லாத சாதாரண முறையில் இழுங்கள். மாடல் தந்த படத்தையும் சாதாரணமாகப் பெரிதாக்கிய படத்தையும் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். எனக்கு முகங்கள் உள்ள காட்சியில் 40 சதவீதத்துக்கு மேல் மாடலை விடப் பிடிக்காது, கட்டடங்களில் 70 வரை போகலாம். முகத்தைத் தனியே திருத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்; அது ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு ஆளை உட்கார வைக்கும். கார்ட்டூன் பாணிக் காட்சிகளுக்கு ஓவியத்துக்கென்றே பயிற்சி பெற்ற மாடல் நன்றாகவே வேலை செய்யும், அங்கே ஊகிக்க வேண்டியது குறைவு.

படத்தை நிறுத்திப் பார்த்தால் அருமை, ஓடவிட்டால் சுவர் கொதிக்கிறது என்றால், மாடல் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக ஊகிக்கிறது என்று பொருள். பக்கத்துப் பிரேம்களையும் சேர்த்துப் பார்க்கும் பேசிக்விஎஸ்ஆர்++ வகை மாடல்கள் இதில் நிதானமானவை. கூர்மை சற்றுக் குறைந்தாலும் எனக்கு அதுவே மேல். எரித்துப் பதித்த வசன எழுத்துகள் இருந்தால் அந்தப் பகுதியை மறைத்துச் சாதாரண முறையில் பெரிதாக்குங்கள், ஏஐ எழுத்தைக் கிறுக்கலாக்கும். முடிவில் மிக லேசான கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் மணல் போன்ற புள்ளி) சேர்த்தால் மெழுகுப் பளபளப்பு கணிசமாக அடங்கும்.

15 பிரேமை 60 ஆக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் தோன்றும். என் விடை, வேண்டாம். 15இல் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் கை அரைத் திரை தாண்டிவிடும். ரைஃப் போன்ற கருவி நடுவில் வரைவது கையல்ல, புகை. செய்தே தீருவது என்றால் 30 வரை மட்டும், காட்சி மாறும் வெட்டுகளைக் கண்டறியும் வசதியோடு.

கடைசி என்கோடுக்கு எக்ஸ்265 என்கோடர், 10 பிட், சிஆர்எஃப் என்ற தர அளவு 16 முதல் 18. ஆடியோவுக்குச் சத்தம் நீக்கும் ஃபில்டர் எதுவும் வேண்டாம், 48,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும். முழுக் காட்சியையும் ஓட்டும் முன், ஒரு முகம், ஒரு வெடிப்பு, ஒரு இருட்டுக் காட்சி என்று 10 நொடித் துண்டுகள் மூன்றை மட்டும் இந்த வரிசையில் முடித்துப் பாருங்கள். அப்போதும் கன்னத்தில் சதுரங்கள் தெரிந்தால், அப்ஸ்கேலுக்கு முந்தைய பிஎன்ஜி ஒன்றையும், பிசி கோப்பு என்றால் அதன் முதல் நான்கு எழுத்துகளையும் இங்கேயே போடுங்கள். டிப்ளாக் எங்கே தவறுகிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.